பூஜை மேசையில் நின்ற கடிகாரம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸிலிருந்து கேட்டார்கள். "உங்க அனுபவத்துலேர்ந்து நாலு நல்ல வார்த்தை போதும் மெர்சி மேடம்" என்றார் போனில் பேசியவர். என்னிடம் நல்ல வார்த்தை கொஞ்சம் குறைவு. கூட வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருப்பது பயம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், முதலில் படுக்கைக்கு மேலே இருக்கும் திரையைத்தான் என் கண் தேடும். அதன் மூலையில் மணி ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் கையில் கொண்டுபோன பழத்தைக் கீழே வைப்பேன், நோயாளியிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். அதிலிருந்து நாலு வார்த்தை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நம் ஆபீஸ் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சந்துக்குள், கீழே பெயின்ட் கடையும் மேலே நாங்களுமாக இருந்தது. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் மானிட்டர் செய்துகொண்டிருந்தோம். நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், மூச்சு, இந்த மூன்றையும் பெரிய எண்களில் காட்டும். எண் இறங்கினால் சத்தம் போடும். வேறு வித்தை எதுவும் கிடையாது. நான் பார்த்தது கெர்னல் வேலை. அதாவது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இயங்குதளத்தின் அடித்தளத்தை நம் பெட்டிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக் கொடுப்பது. உங்களுக்குத் தெரியும், கெர்னலை அமைப்பது என்றால் ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு வேண்டும், வேண்டாம் என்று பதில் எழுதுவது. புதுப் பதிப்புக்கு மாறும்போது அது திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் அதுவே சொல்லும் பதில் போதும் என்று, என்டர் பொத்தானின் மேல் ஒரு ரப்பரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போன மகானுபாவர்களை எனக்குத் தெரியும். நான் அந்த ரகம் இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. என்னைக் கவிழ்த்ததே அந்தக் கர்வம்தான்.

பெருங்களத்தூரில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி எங்கள் மானிட்டர்களை வாங்க வந்தது. ஆபரேஷன் முடிந்தவர்களை வைக்கும் ஆறு படுக்கை வார்டு. அவர்களுக்கு இருந்த ஒரே குறை, பெட்டியை அணைத்துப் போட்டால் திரை வர முக்கால் நிமிடம் ஆகிறது என்பது. அதைக் குறைத்துக் கொடுங்கள் என்றார்கள். நான் உட்கார்ந்து கெர்னலை இளைக்க வைத்தேன். எங்களுக்குத் தேவையில்லாத ஒவ்வொன்றையும் தேடித் தேடி 'வேண்டாம்' போட்டேன். மூன்று வாரத்தில் முக்கால் நிமிடம் பன்னிரண்டு விநாடி ஆனது. எம்.டி. எல்லோருக்கும் மைசூர்பா வாங்கிக் கொடுத்தார். ஆறு பெட்டிகள் பெருங்களத்தூருக்குப் போயின.

நான் வேண்டாம் என்று போட்டவற்றில் ஒன்று, போர்டில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு சிப்புக்கானது. பேட்டரி அளவைச் சொல்வது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது என்று அந்த சிப்புக்குப் பல வேலைகள் உண்டு. எங்கள் பெட்டிக்குள் பேட்டரியே இல்லை. வெளியே வைத்த யு.பி.எஸ்ஸில்தான் ஓடும். பேட்டரி இல்லாத பெட்டிக்கு இது எதற்கு என்று அந்த சிப்பின் தலைக் கேள்விக்கே 'வேண்டாம்' எழுதிவிட்டேன். பெட்டி நன்றாக ஓடியது. எதுவும் கெடவில்லை.

ஆனால் அதே சிப்புக்குள் வாட்ச்டாக் இருந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வாட்ச்டாக் என்பது ஒரு சின்னக் காவல். நம் நிரல் சில விநாடிகளுக்கு ஒருமுறை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து விநாடி தட்டவில்லை என்றால் நிரல் உறைந்துவிட்டது என்று முடிவு செய்து, யாரையும் கேட்காமல் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டுவிடும். உயிர் சம்பந்தப்பட்ட பெட்டிக்கு அது இல்லாமல் முடியாது. அதனால் வாட்ச்டாக் வேண்டும் என்ற வரியை நான் என் கோப்பில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது. அது எதைச் சார்ந்து நிற்கிறது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை.

மாடிக்குப் போகும் மெயினை அணைத்துவிட்டு, மாடி விளக்கின் சுவிட்ச் போட்டுத்தானே இருக்கிறது என்று சொல்வது போன்றது இது. கெர்னல் இன்னும் ஒரு படி மேலே போகும். சுவரிலிருந்து அந்த சுவிட்சையே கழற்றிக்கொண்டு போய்விடும், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். நாம் எழுதிய கோப்பைப் படித்து, எது சாத்தியமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, தனக்கென்று இன்னொரு கோப்பு எழுதிக்கொள்ளும். பெட்டிக்குள் போவது அந்த இரண்டாவது கோப்பின்படி. அதில் வாட்ச்டாக் வரி இல்லை. பிழை என்றோ எச்சரிக்கை என்றோ எதுவும் வரவில்லை.

வெளியே அனுப்பும் முன் ஒரு சரிபார்ப்புத் தாள் இருந்தது. அதில் ஏழாவது வரி, வாட்ச்டாக் உண்டா. நான் என் கோப்பைத் திறந்து, தேடி, அந்த வரியைக் கண்ணால் பார்த்து டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சோதனையும் செய்தோம். ஓடும் நிரலை வேண்டுமென்றே நிறுத்தினோம். சில விநாடியில் திரும்ப வந்தது. வாட்ச்டாக் எழுப்பியது என்று நினைத்தோம். உண்மையில் எழுப்பியது, விழுந்த நிரலைத் தூக்கிவிடும் இன்னொரு சாதாரண நிரல். அடித்தளமே உறைந்தால் அதுவும் சேர்ந்து உறையும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆபீஸில் பூஜை போடுவார்கள். நான் கிறிஸ்தவள் என்பதால் எனக்கு அதில் பெரிய வேலை கிடையாது. கம்ப்யூட்டர்களின் காற்றோட்டத் துளைகளில் சந்தனத்தை அப்பாதீர்கள் என்று காலையில் ஒருமுறை சத்தம் போடுவேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் நிற்பேன். அந்த வருடம் படங்களுக்கு முன்னால் எங்கள் மானிட்டர் ஒன்றையும் வைத்தார்கள். நாள்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பதற்காக விட்டிருந்த பெட்டி அது. அணைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால், நோயாளி போல நாடி கொடுக்கும் போலி நோயாளிக் கருவியும் யு.பி.எஸ்ஸும் சேர்த்து அப்படியே தூக்கி வந்து வைத்து, மேலே ஒரு சாமந்திச் சரம் போட்டிருந்தார்கள். நாடி 72, ஆக்சிஜன் 98.

பொரி கட்டிக்கொண்டிருந்தது செல்வி. போர்டில் சிப்புகளை ஈயம் உருக்கிப் பத்தவைக்கும் மேசையில் அவளைப் போல் கைவேலை சுத்தமானவர் யாரும் இல்லை. அவள் புருஷன் ஏழுமலை, ஸ்கூல் வேன் ஓட்டுபவர். இரண்டு நாளுக்கு முன் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது, அதே பெருங்களத்தூர் ஆஸ்பத்திரியில். அவளை அங்கே பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏன் செல்வி இன்னைக்கு வந்தே? அவர் கூட யார் இருக்கா?"

"யாரும் இல்ல மேடம். இன்னாத்துக்கு ஆளு? நாலாவது பெட்டுல நம்ம பொட்டிதான் பாத்துகினு கீது. எதுனா ஒண்ணுன்னா கத்தும்னு நீங்கதான சொன்னீங்க." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "நான் பத்தவெச்ச போர்டு மேடம் அது. நம்பரு பாத்தேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் சொல்கிறேன். அவள் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

நல்ல நேரம் பதினொரு மணி வரை. பூஜை செய்தவர் எங்கள் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர். நேரம் விஷயத்தில் கறாரானவர். எம்.டி. இன்னும் வந்து சேரவில்லை என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "மணி என்ன ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். ஸ்டோர்ஸ்காரர் எதிரே இருந்த எங்கள் திரையின் மூலையைப் பார்த்து, "பத்து நாப்பத்திரண்டு, டைம் கீது" என்றார். எம்.டி. வந்தார். தேங்காய் ஒன்று சரியாக உடையவில்லை, இன்னொன்று தேடினார்கள். கற்பூரம் எங்கே என்று ஒரு சுற்றுத் தேடல். திரும்பவும் யாரோ மணி கேட்டார்கள். ஸ்டோர்ஸ்காரர் திரும்பிப் பார்த்து, "பத்து நாப்பத்திரண்டு. அவசரமே இல்ல" என்றார்.

யாருக்கும் அது உறைக்கவில்லை. எல்லோரும் கற்பூரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் வேலையில்லாமல் நின்றவள் நான் ஒருத்திதான். கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஆறு.

திரையைப் பார்த்தேன். 72, 98. கீழே துடிப்பின் அலை பாதியில் நின்றிருந்தது. சரி, உறைந்துவிட்டது, இப்போது வாட்ச்டாக் எழுப்பும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பத்து வரை எண்ணினேன். இருபது. ஆரத்தித் தட்டு திரைக்கு முன்னால் சுற்றியது. எண்களின் மேல் வெளிச்சம் ஆடியது. முப்பது வரை எண்ணிய பிறகு, எதற்கு எண்ணுகிறேன் என்று எனக்கே புரிந்துவிட்டது. இருபத்து நான்கு நிமிடமாக அது நின்றுகொண்டிருக்கிறது. எழுப்ப அங்கே யாரும் இல்லை.

என் மேசைக்கு ஓடினேன். நான் எழுதிய கோப்பை ஒரு பக்கமும் கெர்னல் தனக்காக எழுதிக்கொண்டதை மறுபக்கமும் திறந்தேன். இடது பக்கத்தில் வாட்ச்டாக் வரி இருந்தது. வலது பக்கத்தில் தேடினேன், இல்லை. எழுத்தை மாற்றித் தேடினேன். மறுபடியும் இல்லை. பெட்டியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், ஓடத் தொடங்கிய முதல் நாள் முதல் விநாடியிலேயே நிரல் எழுதி வைத்திருக்கிறது: வாட்ச்டாக் கிடைக்கவில்லை, தொடர்கிறேன். கிடைக்காவிட்டாலும் தொடரு என்று ஒரு காலத்தில் அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான், சோதனைக்கு வசதியாக இருக்கும் என்று. அது சொன்னபடி கேட்டிருக்கிறது.

அப்போது எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. பூஜை மேசையில் இருந்த பெட்டியும் பெருங்களத்தூர் பெட்டிகளும் ஒரே வாரத்தில் ஓடத் தொடங்கியவை. நாள்கணக்கில் ஓடிய பிறகு வரும் கோளாறு என்றால், அங்கேயும் நேரம் வந்துவிட்டது. இவ்வளவு நாள் ஓடி இங்கே நின்றது அங்கே நிற்காமல் இருக்க ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கவில்லை.

எம்.டி. நெற்றியில் குங்குமத்தோடு என் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், கோபக்காரர் இல்லை. சொன்னேன்.

"கன்ஃபார்மா மேடம்?"

"வரி இல்லைங்கறது கன்ஃபார்ம். அங்க நின்னுருக்காங்கறது தெரியாது."

"அப்ப முதல்ல இங்க ஒரு தடவை ரிபீட் பண்ணிப் பாத்துடுவோம். ரெண்டு மணி நேரம் ஆகுமா? ஒரு யூனிட் ஹேங் ஆனதுக்கு வார்டுக்குப் போன் பண்ணி பேனிக் பண்ணா, நம்ம பேரு போயிடும். நாளைக்கு யாரும் நம்ம பொட்டிய வாங்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நிரூபித்துவிட்டுப் பேசு என்று நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஒரு நிமிடம் நானும் ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. இரண்டு மணி நேரம் கழித்துச் சொன்னால், அதற்குள் ஏதாவது வேறு காரணம் கிடைக்கலாம், என் கையெழுத்து அந்தத் தாளில் இல்லாமல் போகலாம் என்று ஒரு மூட ஆசை. என் பயத்தில் பாதி அந்த வார்டுக்காக, மீதிப் பாதி எனக்காக. அந்த இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும். உங்களுக்கும் அந்த நாள் வரும்போது பிரித்துப் பார்க்கக் கஷ்டப்படுவீர்கள். வாசலில் செல்வி பொரிப் பொட்டலத்தோடு நின்றாள், உள்ளே வரலாமா என்று கேட்பது போல. அவளைப் பார்த்ததும் போனை எடுத்துவிட்டேன்.

வழக்கமாகப் பேச வேண்டியது ஆஸ்பத்திரியின் கருவிகளைக் கவனிக்கும் இன்ஜினீயரிடம். அவர் லீவில் ஊருக்குக் கிளம்பியிருந்தார். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் வார்டுக்கு இணைப்பு கொடுக்கச் சொன்னேன். எடுத்தவர் ஒரு நர்ஸ். குரலைக் கேட்டால் சின்ன வயது, பொறுமையானவர்.

"சிஸ்டர், மானிட்டர் கம்பெனியிலேர்ந்து பேசறேன். ஒரு உதவி. ஒவ்வொரு பெட்டா போய், ஸ்கிரீன் மூலையில மணி எத்தனை காட்டுதுன்னு படிச்சுச் சொல்றீங்களா?"

"மணியா? எல்லாம் நார்மலாத்தான் இருக்கு மேடம். இப்பதான் ரவுண்ட்ஸ் பார்த்தேன்."

"தெரியும் சிஸ்டர். மணி மட்டும் போதும்."

ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. கம்பெனிக்காரர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு கிறுக்கு வேலை என்று நினைத்திருப்பார். நடக்கும் சத்தம்.

"ஃபர்ஸ்ட் பெட் பதினொன்னு இருபத்தொன்னு. செகண்ட் பதினொன்னு இருபத்தொன்னு. மூணாவதும் அதே. நாலாவது..." காலடிச் சத்தம் நின்றது. "நாலாவது பத்து அம்பத்தெட்டு. இதுல டைம் தப்பா செட் பண்ணியிருக்கீங்க மேடம்."

வாசலில் நின்ற செல்விக்கு என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்கும். அதை நினைத்துக் குரலைத் தாழ்த்த நேரமில்லை.

"சிஸ்டர், நாலாவது பெட்டுல ஸ்கிரீனைப் பாக்காதீங்க. அது இருபது நிமிஷத்துக்கு மேல நின்னுபோச்சு. ஆளைப் பாருங்க. உடனே."

அவர் போனை வைக்கவில்லை, எங்கோ போட்டுவிட்டு ஓடினார். திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் உரசும் சத்தம். "அய்யா, அய்யா, கண்ணத் தெறங்க" என்று ஒரு குரல். பிறகு "டாக்டரக் கூப்பிடு" என்று அதே குரல், இந்த முறை பொறுமை இல்லாமல். இரும்புத் தள்ளுவண்டி எங்கோ மோதியது. அதற்குப் பிறகு எனக்குப் புரியாத பேச்சுகள். பெட்டி மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை.

"நாலாவதுன்னு சொன்னீங்க" என்றாள் செல்வி. கேள்வியாகக் கேட்கவில்லை.

எம்.டி. அவளை உட்கார வைத்தார். அவள் மடியில் இருந்த பொரிப் பொட்டலம் பிரிந்து தரையெல்லாம் சிதறியது. அதை அவள் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு பொரியாக. போனில் என் காது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரத்தைப் பார்த்ததில்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

ஒரு வழியாக நர்ஸ் திரும்ப வந்தார். மூச்சு வாங்கியது. "ஆக்சிஜன் டியூப் கழண்டு கிடந்தது மேடம். வலி மருந்துல ஆழ்ந்து தூங்கிட்டு இருந்திருக்கார், மூச்சு ரொம்ப மெதுவா... உதடு கலர் மாறியிருந்தது. இப்ப மாஸ்க் வெச்சிருக்கோம். கண்ணத் தெறந்துட்டார்." பிறகு, "ஸ்கிரீன்ல இன்னும் தொண்ணூத்தெட்டுன்னே இருக்கு மேடம்" என்றார்.

"ஆறு ஸ்கிரீனையும் நம்பாதீங்க சிஸ்டர். கையில வெக்கிற மீட்டர் இருந்தா அதுல பாருங்க. இன்னொருத்தரைத் துணைக்குக் கூப்பிட்டுக்குங்க. தப்பு எங்களோடது, ஆறுலயும் இருக்கு" என்றேன். எம்.டி. ஒரு விரலைக் காட்டினார், ஒன்று என்று சொல்லச் சொல்லி. நான் ஆறு என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அவர் அதற்காக என்னை ஒருபோதும் குறை சொன்னதில்லை.

இளைக்க வைப்பதற்கு முந்தைய கெர்னலை, அந்த முக்கால் நிமிடக் கிழத்தை, ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் கூட்டம். காரில் போனால் இரும்புலியூரையே தாண்ட முடியாது. செல்வியும் நானும் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயிலைப் பிடித்தோம். நடுவில் தாம்பரம் மட்டும்தான், இரண்டாவது ஸ்டேஷன் பெருங்களத்தூர். ரயில் பெட்டியெல்லாம் பையும் குழந்தையுமாக நிறைந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க மட்டும் போன் போடலன்னா, அவுரு..." என்றாள். "நீங்க நல்லா இருக்கணும் மேடம்."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. தாம்பரத்தில் ரயில் நின்று கிளம்பும் வரை அப்படித்தான் இருந்தேன். பிறகு முடியவில்லை. அவள் கை என் கையைப் பிடித்திருந்தது தாங்க முடியாததாக இருந்தது.

"செல்வி, பொட்டி நின்னது வேற கோளாறு. நின்னா எழுப்பி விடறதுக்கு உள்ள ஒண்ணு இருக்கணும். அது இல்லாம அனுப்பினது நான். இருக்குன்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். நீ பண்ணின போர்டு நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் கையை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டேஷன் வரும் சமயத்தில் சொன்னாள்.

"நான் போவாம அங்கயே குந்திகினு இருந்திருக்கணும். அவுரு காலைல இரு இருன்னாரு. பொட்டி கீதேன்னு வந்துட்டேன்."

இத்தனை வருடத்தில் வேலையைப் பற்றி என்னிடம் யார் சொன்னதிலும் அதைப் போல் என்னை உலுக்கியது எதுவும் இல்லை. தப்பு என்னுடையது, அதைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நாம் போடும் டிக்கை நம்பி யாரோ ஒருவர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போகிறார். நம் கோப்பில் ஒரு வரி இன்னொரு வரியை நம்பி நிற்கிறது என்று படிக்கிறோமே, அந்தச் சங்கிலி கோப்போடு முடியவில்லை. கடைசிக் கண்ணி ஒரு வேன் டிரைவரின் மனைவி.

பிறகு நான் என்ன மாற்றினேன் என்று கேட்பீர்கள். நாம் எழுதியதைப் பார்த்து டிக் போடும் வழக்கத்தை ஒழித்தேன். கெர்னல் தனக்காக எழுதிக்கொண்டதையும், ஓடும் பெட்டி தன் வாயால் சொல்வதையும் பார்த்துத்தான் கையெழுத்து. எதையாவது வேண்டாம் என்று போடும் முன், இதை நம்பி யார் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தாக வேண்டும். வாட்ச்டாக் இல்லை என்றால் பெட்டி தொடரக் கூடாது, திரை முழுக்கச் சிவப்பாகி நின்றுவிட வேண்டும். சோதனையில் நிரலை மட்டும் நிறுத்தினால் போதாது, அடித்தளத்தையே உறைய வைத்துப் பார்க்க வேண்டும். இவை எல்லாம் உங்கள் மேனுவலில் இப்போது இருக்கின்றன, காரணம் எழுதாமல். காரணத்தை நான் இங்கே எழுதிவிட்டேன்.

அன்று வார்டில் ஆறு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பழைய கெர்னலுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே உறைய வைத்து, பத்து விநாடி எண்ணி, அது தானாக அணைந்து எழுவதைக் கண்ணால் பார்த்தேன். கடைசியாக நாலாவது. ஏழுமலை முழிப்பாக இருந்தார். முகத்தில் மாஸ்க், உதட்டில் நிறம் வந்திருந்தது. தாகமாக இருக்கிறது என்று சைகை காட்டினார். தனக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பொரி கொண்டு வந்தாயா என்று மனைவியிடம் கேட்டார்.

திரை திரும்ப வந்தது. 84, 97. மூலையில் மணி நகர்ந்தது. பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு செல்வியிடம் சொன்னேன். "இப்ப சரியாயிடுச்சு. நானே நின்னு பார்த்துட்டேன். நீ வூட்டுக்குப் போய் கொஞ்சம் படுத்துட்டு வா. இனிமே இது கத்தும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் படுக்கைக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கத் தொடங்கினாள். அவர் வீடு திரும்பும் வரை ஐந்து நாள், சாப்பிடப் போன நேரம் தவிர, அவள் அந்த ஸ்டூலைத் திருப்பவே இல்லை என்று நர்ஸ் பிறகு எனக்குச் சொன்னார்.